மேற்படி குதிரைகள்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெருகு போடவில்லை. இது சத்தியம். நம்ப முடியாத இடங்கள் சில வரும். அந்த இடங்களில் உண்மை கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டியதுதான்.

அந்தக் கல்லூரியில் ஆசிய வரலாறு நடத்தியவரை எல்லோரும் பட்டுப்பாதை டீச்சர் என்றார்கள். எந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் ஐந்தாவது நிமிடத்தில் அதைப் பட்டுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஒருமுறை கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று புகார் சொல்லப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் குழாய்க்காரருக்கு ஒட்டகத்தின் தண்ணீர்த் தேவை முழுக்க அத்துப்படியாகிவிட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

வரலாறு அங்கே யாரும் பட்டம் வாங்கப் படிக்கிற விஷயம் இல்லை. மின்னணுவியல், வணிகவியல், வேதியியல் என்று எதைப் படிக்க வந்தவர்களும் ஒரு பருவத்துக்கு ஒரு பொதுப் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்ததால், ஆண்டுக்கு நாற்பது பேருக்கு மேல் வேறு வழியில்லாமல் பதினான்காம் எண் அறைக்கு வந்து சேர்வார்கள். சன்னல் வெயில் பட்டுப் பட்டுச் சுவர் வரைபடத்தில் கடல் முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. அந்த வெள்ளைக் கடலுக்கு முன்னால் நின்றுகொண்டு டீச்சர் பதினாறு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “இதை எழுதினது யாரு? யாருக்காக எழுதினாங்க? எதை எழுதாம விட்டாங்க?”

அந்த ஆண்டு தரக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு பொதுப் பாடமும் மாணவர்களுக்கு நான்கு பொதுத் திறன்களைக் கொடுக்கிறதா என்று அளக்கப் போகிறார்கள். ஆதாரத்தை எடைபோடுவது, காரணத்தோடு வாதாடுவது, தெளிவாக எழுதுவது, அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். சராசரி மூன்று வந்தால் பாடம் பிழைக்கும். வராவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து அதே அறையில், அதே நேரத்தில், விரிதாள் மென்பொருள் வகுப்பு. வெளுத்த கடலைக் கழற்றிவிட்டு அங்கே திரை மாட்டுவதற்கு அளவெடுத்துக்கொண்டு போக ஓர் ஆள்கூட வந்துவிட்டார்.

தரக் குழுவின் தலைவர் வேதியியல் பேராசிரியர். அவருக்கு லிட்மஸ் என்று பெயர். உலகத்தில் எதுவும் ஒன்று சிவப்பு, இல்லை நீலம், நடுவில் ஒன்றும் கிடையாது என்பது அவர் கட்சி. குழுவில் இன்னொருவர் உடற்பயிற்சி ஆசிரியர். கல்யாண வீட்டுக்கும் கழுத்தில் விசிலோடு போகிறவர்.

“தேதி மனப்பாடம் பண்ற பாடத்துல என்ன மேடம் திறன் வரும்?” என்றார் லிட்மஸ்.

“தேதியா? எனக்கே தெரியாது சார். எங்க கல்யாண நாளை வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்துவார்.”

“சரி, அதை விடுங்க. ஒரு பரீட்சை வைங்க, நாங்க திருத்தறோம். ஆனா ஒரு சிக்கல். இந்தப் பசங்க பாதிப் பேர் என் ஆய்வகத்துல எழுதறவங்க. கையெழுத்தைப் பார்த்தாலே ஆளு தெரிஞ்சிடும். பாரபட்சம்னு பேச்சு வரும்.”

டீச்சர் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பேச்சு அவருடைய பாதைக்குள் தானாகவே வந்து நிற்கும்போது எப்படி விடுவார்?

“இதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே சீனாவுல வழி கண்டுபிடிச்சாச்சு சார். அரசாங்கத் தேர்வு விடைத்தாள்ல பேரை மறைச்சு ஒட்டிடுவாங்க. அப்புறம் எழுத்தர்களை உட்கார வெச்சு முழுத் தாளையும் திருப்பி எழுதுவாங்க. நகல்தான் திருத்தறவங்க கைக்குப் போகும். யார் கையெழுத்துன்னு எவனாலும் சொல்ல முடியாது.”

“பிரமாதம்! நம்மளும் செய்வோம்” என்றார் லிட்மஸ். “யாரு திருப்பி எழுதறது?”

எல்லோரும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பினார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் அலுவலக அறையிலிருந்து தட்டச்சுப் பொறியின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் மேற்படியார். கல்லூரியின் ஒவ்வொரு மேசைக்கும் கணினி வந்த பிறகும், இரும்புப் பொறியை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவர். முப்பத்து நான்கு வருட அனுபவம். வீட்டில் மனைவியிடம் “மேற்படி காய்கறி வாங்கியாச்சு” என்று பேசுகிறவர் என்று கேள்வி.

பரீட்சை நடந்தது. மங்கோலியர் காலத்துத் தபால் குதிரை நிலையங்களைப் பற்றி மூன்று பக்கம் பயிற்சிக் குறிப்புகளை டீச்சரே எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று அந்த வழியே சுகமாகப் பயணம் போன வியாபாரி பேசுவது போல. ஒன்று அதிகாரி பேசுவது போல. ஒன்று நிலையத்துக்குக் குதிரை கொடுத்தே நொடிந்து போன குடும்பம் பேசுவது போல. குதிரை நிலையங்கள் யாருக்கு நல்லது செய்தன என்பது கேள்வி. நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். மூலத் தாள்கள் அரக்கு முத்திரையிட்ட உறையில் முதல்வரின் இரும்பு அலமாரிக்குப் போவதற்கு முன் மூன்று நாள் மேற்படியாரின் மேசையில் இருந்தன.

அந்த மூன்று நாளில் மேற்படியார் செய்ததை அவர் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள். முப்பத்து நான்கு வருடமாக, தன் பொறி வழியாகப் போகிற எதையும் அவர் அப்படியே போக விட்டதில்லை. கரடுமுரடாக வந்ததை இழைத்து, மரியாதை குறைந்த இடத்தில் மரியாதை சேர்த்து, முடிவில் ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று ஒரு வணக்கம் போட்டு அனுப்புவது அவர் கைப்பழக்கம். பிள்ளைகளின் தாளைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. நாற்பத்திரண்டையும் திருத்தி அழகுபடுத்திவிட்டார்.

திங்கட்கிழமை டீச்சருக்கு முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேசை மேல் நகல்கள் கட்டாகக் கிடந்தன. லிட்மஸின் முகம் நல்ல சிவப்பில் இருந்தது.

“நாற்பத்திரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்து காப்பி அடிச்சிருக்காங்க மேடம்” என்றார்.

“ஓட்டப் பந்தயத்துல நாற்பத்திரண்டு பேரும் முதல்ல வந்த மாதிரி இருக்கு” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

டீச்சர் மேலே இருந்த தாளை எடுத்துப் படித்தார். “மேற்படி குதிரைகள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவரப்படுவது யாதெனில்…” இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“இது என் பிள்ளைங்க இல்ல சார். இது மேற்படியார்.”

முதல்வர் நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். “அப்படின்னா உறையைப் பிரிச்சு மூலத்தைப் பார்த்துடலாம்” என்று சாவியை எடுத்தார்.

“பிரிச்சுத்தான் என்ன ஆகப் போகுது?” என்றார் லிட்மஸ். “உள்ளே இருக்கறது மனப்பாடம். அதை இவர் அழகா அடிச்சிருக்கார். அவ்வளவுதான் வித்தியாசம்.”

பதினாறு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் டீச்சருக்குள் பட்டென்று அறுந்தது.

“சாவியை வைங்க சார். யாரும் பிரிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. இந்த நகலை மட்டும் வெச்சுக்கிட்டு, உறைக்குள்ள என்ன இருக்குன்னு என் பிள்ளைங்க சொல்லுவாங்க. அவங்கவங்க தாள் இல்ல, அடுத்தவங்க தாள். சொல்ல முடியலைன்னா திரையை நானே ஆணி அடிச்சு மாட்டித் தர்றேன்.”

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மறுநாள் காலை, விரல் இடுக்கில் இருந்த மசகைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“உறையைப் பிரிச்சா முடிஞ்சு போற வேலை. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?”

“பிரிச்சா மதிப்பெண் வரும். மரியாதை வருமா?”

“தோத்துட்டா?”

“தோத்துட்டா உங்களுக்கு எடுபிடியா வந்துடறேன். லிஃப்ட்டுக்குள்ள எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.”

“வேண்டாம்மா தாயே, ரெண்டு மாடி ஏறறதுக்குள்ள லிஃப்ட்டே பட்டுப்பாதைக்குப் போயிடும். நீ ஜெயிச்சுடு.”

பதினான்காம் எண் அறையில் அன்று நிற்க இடமில்லை. நாற்பத்திரண்டு மாணவர்கள், தரக் குழு, முதல்வர், அவர் மடியில் முத்திரை உடையாத உறை. மேற்படியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் ஏறுகிற முகத்தோடு வந்து வாசல் ஓரமாக நின்றார். அடித்த வரிசையில் எண் போட்டிருந்த நகல்களைச் சீட்டு மாதிரிக் கலைத்து, அவரவர் தாள் அவரவருக்கே வராமல் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். டீச்சர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“உங்க கையில இருக்கறது ஒரு பழைய சுவடின்னு நினைச்சுக்கோங்க. மூலம் தொலைஞ்சு போச்சு.”

முதல் பத்து நிமிடம் காகிதச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. லிட்மஸ் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்புறம் வணிகவியல் படிக்கும் நெட்டையன் எழுந்தான். எழுந்ததும் தலை மின்விளக்கில் இடித்துக்கொள்வது அவன் வழக்கம், அன்றும் இடித்துக்கொண்டான்.

“எல்லாரும் உங்க தாள்ல முதல் வரியைப் படிங்க. எல்லாத்துலயும் வர்ற வரி எழுத்தரோடது, அடிச்சிடுங்க. ஒரு தாள்ல மட்டும் வர்றதுதான் எழுதின ஆளோடது.”

அவ்வளவுதான். அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவர் வரியை ஒருவர் உரக்கப் படித்தார்கள், அடித்தார்கள், பெஞ்சு தாண்டிப் போய்ச் சரிபார்த்தார்கள். “உன்கிட்ட ‘பணிவுடன்’ எத்தனை?” “ஒன்பது.” “என்கிட்டயும் ஒன்பது, அடி எல்லாத்தையும்!” இருபது நிமிடத்தில் பணிவு முழுவதும் போய்விட்டது. கீழேயிருந்து பிள்ளைகளின் சொந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவற்றை ஆளுக்கொரு புதுப் பக்கத்தில் மீட்டு எழுதினார்கள்.

அதோடு விட்டார்களா? எழுத்தர் யார் என்று அவரையும் தோண்ட ஆரம்பித்தார்கள். டீச்சர் கேட்கச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி அதுதானே.

“இவர் ஒன்னாவது தாள்லேருந்து பதினாலு வரைக்கும் கோபமா இருக்கார்” என்றாள் ஒருத்தி. “வரியெல்லாம் வெட்டி வெட்டி விழுது. பதினஞ்சுல மனசு இளகிடுச்சு. நடுவுல சாப்பிட்டிருக்கார்.”

“பதினேழாவது தாள், மூணாவது வரி” என்றான் இன்னொருவன். “எழுத்து திடீர்னு ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கு. தும்மல்.”

“இருமலா இருக்கலாமே?” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் நாற்காலி நுனிக்கு வந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

“இருமல்னா ரெண்டு கட்டம் சார்.”

வாசலில் மேற்படியார் தன்னை அறியாமல் தலையாட்டினார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மின்னணுவியல் பெண். பருவம் முழுக்க அவள் அந்த அறையில் பேசிய ஒரே வார்த்தை ‘உள்ளேன்’. கடந்த அரை மணியாக அவள் பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வரியை மட்டும் கேட்டுக் கையில் குறித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், குதிரைங்க ஓடி ஓடிச் செத்துச்சுன்னு குறிப்புல இருந்தது. நாங்க எல்லாருமே அதை எழுதியிருப்போம். ஆனா இந்த நாற்பத்திரண்டு தாள்ல ஒரு குதிரைகூடச் சாகலை.”

“அப்புறம் என்னாச்சு?” என்றார் முதல்வர்.

“எல்லாம் பணி ஓய்வு பெற்றிருக்கு சார். முதல் தாள்ல வெறும் ‘ஓய்வு பெற்றன’. இருபதுல ‘நீண்ட காலப் பணிக்குப் பின் ஓய்வு பெற்றன’. நாற்பதுல ‘பாராட்டு ஏதுமின்றி ஓய்வு பெற்றன’.” அவள் கையில் குறித்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இதை அடிச்சவரு ஓய்வு பெறப் போறாரு. ரொம்பப் பக்கத்துல. ஒரு அஞ்சு மாசம் இருக்கும்.”

வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

“நாலு மாசம், இருபது நாள்மா.”

முதல்வர் உறையைப் பிரித்தார். அரக்கு உடைந்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஒவ்வொரு மூலத் தாளையும் அதற்காக மாணவர்கள் மீட்டு எழுதிய பக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். முப்பத்தொன்பது தாள் வரிக்கு வரி சரி. மீதி மூன்றில், மாணவர்கள் மீட்டு எழுதியது மூலத்தைவிட நன்றாக இருந்தது. மூலத்தை எழுதிய மூவரும் எழுந்து நின்று, தாங்கள் சொல்ல நினைத்தது அதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். குதிரைகள் முப்பத்தெட்டுத் தாளில் செத்திருந்தன, மூன்றில் இறந்திருந்தன, ஒன்றில் மண்டையைப் போட்டிருந்தன. அந்த மண்டையையும் நெட்டையன் சரியாகப் பிடித்திருந்தான்.

“இது எப்படிடா?” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

“பக்கத்து வரியைப் பார்த்தாலே தெரியுது சார், இவன் அடக்க ஒடுக்கமா எழுதற ஆளே இல்ல.” எழுதியவன் முன் பெஞ்சில் இருந்து எழுந்து கும்பிடு போட்டான்.

லிட்மஸுக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. “இதெல்லாம் சரி, ஆனா நான் அன்னிக்கே நாற்பத்திரண்டையும் கவனமாப் படிச்சு மதிப்பெண் போட்டேன். தெளிவுக்கு எல்லாருக்கும் நாலு. மத்ததுக்கு ஒன்னு. அதைச் சும்மா தள்ளிட முடியுமா?” என்று தன் மதிப்பெண் படிவத்தை மேசையில் வைத்தார்.

அதை அவர் வைத்திருக்கக் கூடாது. நாற்பத்திரண்டு தலைகள் ஒரே நேரத்தில் அதன் மேல் குனிந்தன.

“சார்” என்றான் நெட்டையன், மிகவும் மரியாதையாக. “எட்டாவது தாள் வரைக்கும் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியா, அழுத்தமா இருக்கு. ஒன்பதுலேருந்து பேனாவை எடுக்காம ஒரே இழுப்புல நாற்பத்திரண்டு வரைக்கும் போயிருக்கீங்க. எட்டுக்கு மேல நீங்க படிக்கலை.”

“நடுவுல டீ வந்திருக்கு” என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். “ஓரத்துல வட்டம் இருக்கு.”

உடற்பயிற்சி ஆசிரியர் பொறுக்க முடியாமல் விசிலை எடுத்து ஊதிவிட்டார். பக்கத்து வகுப்புகளில் மணி அடித்துவிட்டது என்று நினைத்து முந்நூறு பேர் வெளியே வந்தார்கள்.

லிட்மஸ் படிவத்தில் இருந்த டீ வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கல்லூரி பார்த்ததில்லை. சிவப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு புது நிறத்தில் இருந்தது அவர் முகம். பேனாவை எடுத்து ஆதாரத்தை எடைபோடும் திறனுக்கு ஐந்து போட்டார்.

“நாலுக்கு மேல இல்லையே” என்றார் முதல்வர்.

“இருக்கணும்” என்றார் லிட்மஸ். “அடுத்தவர் இடத்துல நின்னு பார்க்கிற திறன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணுக்கு என்ன போடறதுன்னு எனக்குத் தெரியலை. அதை வெறுமையா விடறேன். மேடம், அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்க.”

டீச்சர் படிவத்தை வாங்கிக்கொண்டார். பதினாறு வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் அவர் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய உயரம் இரண்டு அங்குலம் கூடிவிட்டது. இது கற்பனை இல்லை, உடற்பயிற்சி ஆசிரியர் நாடாவை எடுத்து அளந்தே சொன்னார்.

பிள்ளைகள் கலைந்து போகும்போது மேற்படியார் கடைசி பெஞ்சுக்கு வந்தார். கை கட்டி நின்று பழக்கப்பட்ட மனிதர், அன்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

“முப்பத்து நாலு வருஷமா அடிக்கறேன்மா. கையெழுத்துப் போடறவங்க யாரும் படிச்சதில்ல. வாங்கறவங்களும் படிச்சதில்ல. நான் அடிச்சதை இன்னிக்குத்தான் ஒருத்தர் படிச்சிருக்காங்க. அதுவும் தும்மல் உட்பட.”

“மன்னிச்சிடுங்க சார், உங்க பணிவு எல்லாத்தையும் அடிச்சிட்டோம்.”

“போகட்டும்மா. நிறையச் சேர்ந்து போச்சு.”

பாடம் தொடர வேண்டும் என்று நிர்வாகத்துக்குப் போன அறிக்கையை அவர்தான் தட்டச்சு செய்தார். நான்கே வரி. அதில் ஒரு ‘மேற்படி’கூட இல்லை. லிட்மஸ் அதை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் கணவர் கதவைத் திறந்தவர், மனைவியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“ஜெயிச்சிட்டியா?”

“நான் எங்கே ஜெயிச்சேன்? ஓரமா நின்னேன். அவங்கதான்…” என்று வாசலிலேயே தொடங்கினார் டீச்சர். கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காரு. முதல்லேருந்து சொல்லு. பட்டுப்பாதை வழியாவே வா, பரவாயில்ல.”

முதலில் செய்த சத்தியத்தைச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு, அந்தக் கல்லூரியின் பாடத் திட்டம் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும்: தொடங்கிய நாள் முதல் இன்று வரை அங்கே பல் மருத்துவத்தைத் தவிர வேறு எந்தப் பாடமும் நடத்தப்பட்டதில்லை.